பாகு இறக்கும் நேரத்தில் பக்கத்தில் யார்?

அதிரசம் செய்யத் தெரிந்தவர்களிடம் பக்குவம் கேட்டால் ஐந்தே வரியில் சொல்லிவிடுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகும் முன்னே இடித்துச் சலித்துக்கொள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வை. பதம் வந்ததும் இறக்கி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு மாவைக் கொட்டிக் கிளறு. மூடி வைத்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வாழையிலையில் தட்டி எண்ணெயில் போடு. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த ஐந்து வரியை மட்டும் நம்பி முதல்முறை அடுப்பு மூட்டியவர்களின் வீட்டில் தீபாவளி எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். "பதம் வந்ததும்" என்ற இரண்டு சொல்லுக்குள் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. பாகு இளசாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். முற்றிவிட்டால் பல்லுக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சில நொடிகள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாகில் செய்த பிழை பாகில் தெரியாது. மாவு கிளறும்போதும் தெரியாது. ஒரு நாள் ஊறி, மறுநாள் எண்ணெயில் விழுந்த பிறகே தெரியும். எந்த நொடியில் தவறினோம் என்பது அதற்குள் நினைவிலும் இருக்காது. அதனால்தான் பக்குவம் தெரிந்த அத்தையோ ஆச்சியோ அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டிக் காட்டி, "இப்ப இறக்கு" என்கிறார். அடுத்தமுறை நம்மையே உருட்டச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிறார்.

தொடக்கப் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையும் இதேபோலத்தான். ஒன்றாம் வகுப்பில் நேர்ந்த பிழை ஒன்றாம் வகுப்பில் தெரிவதில்லை. பிள்ளை பாட்டை அழகாகப் பாடும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும். படத்தைப் பார்த்தே சொல்லைச் சொல்லிவிடும். படமே இல்லாத ஒரு பத்தி மூன்றாம் வகுப்பில் வந்து நிற்கும்போது குட்டு உடையும். அதற்குள் இரண்டு ஆண்டு போயிருக்கும். ஆகவே வாசிப்புக் கற்பிக்கிற ஆசிரியருக்கும் பக்குவம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சில நாடுகளில் அவர் அதே பள்ளியின் மூத்த ஆசிரியர். இங்கிலாந்தில் 1998இல் தேசிய எழுத்தறிவுத் திட்டம் வந்தபோது பள்ளிதோறும் அதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருந்தார். நம் ஊரில் அந்த வேலை வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடமும், பயிற்சி நாட்களில் கருத்தாளராக வந்து நிற்கும் சக ஆசிரியரிடமும் இருக்கிறது. அந்த ஒருவர் எப்படி உருவாகிறார், உருவான பிறகு அவரை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாவும் பாகும்

அவருக்கு முதலில் பொருள் தெரிய வேண்டும். 1986இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கிச் சொல்லாகக் கூட்டும் திறன் ஒன்று. அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யமாகிவிடும் என்பதற்காகவே அவர்கள் கூட்டல் குறி போடவில்லை. மாவு இல்லாத பாகும் அதிரசம் ஆகாது, பாகு இல்லாத மாவும் ஆகாது.

தமிழ்ப் பிள்ளைக்குப் பாகு, அதாவது காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், வீட்டிலேயே ஓரளவு காய்ந்திருக்கிறது. ஆறு வயதில் அது ஆயிரக்கணக்கான சொற்களைப் பேசும், கதை கேட்கும், சண்டையும் போடும். வீட்டுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இருக்கிற தொலைவை ஆசிரியர் கதை சொல்லிச் சொல்லிக் குறைக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு அந்த வேலை இன்னும் அதிகம். மாவுப் பக்கம்தான் தமிழுக்கென்று தனி நெளிவுசுளிவுகள் இருக்கின்றன.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகள். இத்தனையும் தனித்தனி வடிவம் இல்லை. மெய்யெழுத்தின் உருவையும் உயிர்க்குறியையும் தெரிந்துகொண்டால் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். ஆனால் குறிகள் நிற்கும் இடம் பிள்ளையைக் குழப்பும். கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஆனால் ஒலி பின்னால்தான் வரும். ஒகரமும் ஓகாரமும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. உகர வரிசையோ எழுத்துக்கு எழுத்து உடை மாற்றிக்கொள்ளும்: கு, சு, து, பு நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இப்படிப்பட்ட எழுத்துமுறையில் எழுத்துகளைக் கற்பது முதல் வகுப்போடு முடியாமல் பல வகுப்புகளுக்கு நீள்கிறது என்று காட்டியது. ஒன்றாம் வகுப்பிலேயே "எழுத்து முடிந்தது" என்று கணக்கு முடிக்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

வாசிப்பை வழிநடத்த வருபவர் இதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றிருப்பது வேறு, ஆறு வயதுப் பிள்ளை கொம்பை எந்த வரிசையில் பார்க்கிறது என்று தெரிந்திருப்பது வேறு. இரண்டாவதை எந்தப் பட்டப் படிப்பிலும் முறையாகச் சொல்லித்தருவதில்லை. தேறிய வாசகர்களான நமக்கு எழுத்துக் கூட்டுவது எப்போதோ மறந்துபோன வேலை. பலகாரத்தில் கைதேர்ந்தவர் "ஒரு குத்து போடு, கண்ணளவுதான்" என்று சொல்லி நிறுத்திவிடுவாரே, அந்த நிலைதான். கண்ணளவை மறுபடி அளவாகப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொள்வது பயிற்சியின் முதல் பாதி.

அரங்கில் ஐந்து வரி

தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் இயக்கம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், 2025க்குள் அதை எட்ட வேண்டும் என்பது இலக்காக இருந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பார்த்தார்கள். பாடல், கதை, பொம்மலாட்டம், பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு எல்லாம் வந்தன. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். ஒரு பிள்ளை வகுப்பால் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் வாசிப்பில் எங்கே இருக்கிறது என்று ஒரு மாநில அரசே கேட்டது பெரிய காரியம். அதை நான் மதிக்கிறேன்.

பயிற்சி மட்டும் பழைய வழியிலேயே இறங்கியது. மாநில அளவில் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தில் உள்ளவர்களுக்குச் சொல்வார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டாரத்தில் ஆசிரியர்களுக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் இதே வரிசை. லட்சக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிற மாநிலத்தில் இதைவிட விரைவான வழி கிடையாது என்பதும் உண்மை.

இந்த வரிசையில் என்ன தொலைந்துபோகும் என்பதை அதிரசத்தை வைத்தே சொல்லலாம். முதல் ஆள் அடுப்பில் பாகு வைத்துக் காட்டியிருப்பார். அதைப் பார்த்தவர் அடுத்தவரிடம் தண்ணீரில் சொட்டு விடும் சோதனையை வாயால் சொல்லியிருப்பார். மூன்றாமவர் கைக்கு வரும்போது "பதம் வந்ததும் இறக்கவும்" என்ற வரி ஒரு பிபிடியாக மாறியிருக்கும். வட்டாரப் பயிற்சியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குப் பாடல்கள் கிடைக்கும், செயல்பாடுகளின் பெயர்கள் கிடைக்கும், எந்த வாரம் எந்தப் பாடம் என்ற அட்டவணை கிடைக்கும். தன் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் ஏன் "மோர்" என்ற சொல்லை "மேர்" என்று வாசிக்கிறாள் என்பதற்கு மட்டும் விடை கிடைக்காது. அந்தப் பெண் அந்த அரங்கில் இல்லையே.

அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஆசிரியர் பயிற்சியில் ஐந்து கூறுகள் இருக்கின்றன: கருத்தை விளக்குவது, செய்து காட்டுவது, பயிற்சி இடத்திலேயே செய்து பார்க்க வைப்பது, பார்த்துக் குறைநிறை சொல்வது, பிறகு அவரவர் வகுப்பறைக்கே போய்த் துணை நிற்பது. முதல் இரண்டும் செலவு குறைந்தவை, ஒரே அரங்கில் நூறு பேருக்குச் செய்யலாம். கடைசி இரண்டுக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பேருந்துக் கட்டணம் வேண்டும். எனவே நிதி குறையும்போதெல்லாம் அவைதான் முதலில் வெட்டப்படுகின்றன. கிடைக்கிற எல்லாப் பயிற்சியும் ஆச்சி வந்து நிற்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

வகுப்புக்குள் அரை மணி நேரம்

துணை நிற்பது என்றால் என்ன செய்வது? ஒரு சின்னக் காட்சியாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்பு. பயிற்றுநர் வந்திருக்கிறார். வந்ததும் பின்பக்கம் போய் உட்கார்ந்து பதிவேடு கேட்காமல், ஒரு பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்கிறார். வகுப்பாசிரியரும் கூடவே இருக்கிறார். புத்தகத்தில் ஒரு வரி: "கோழி கூரை மேல் ஏறியது." பக்கத்தில் ஓலைக் கூரைமேல் கோழி நிற்கும் படம். பிள்ளை கடகடவென்று வாசித்துவிடுகிறது. பயிற்றுநர் "நல்லா வாசிச்சியே" என்று சொல்லிவிட்டு, அதே சொற்களைப் படமில்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறார். இப்போது வருவது "கேழி". கொஞ்சம் தயங்கி, "குரை". "மேல்" சரி. "ஏறியது" சரி.

பயிற்றுநர் கையில் இன்னொரு தாள். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு டிக். தப்பினால், பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லுக்கு மேலே எழுதிக்கொள்கிறார். திருத்தவில்லை, எடுத்துக்கொடுக்கவில்லை. எழுதி முடித்ததும் சிலேட்டை எடுத்து நான்கு சொல் எழுதுகிறார்: கொக்கு, தோடு, மோர், பொம்மை. பிள்ளை வாசிக்கிறது: கெக்கு, தேடு, மேர், பெம்மை. அடுத்து கேணி, தேள், கால், பால். நான்கும் சரி.

தண்ணீரில் விட்ட சொட்டு இதுதான். விரலில் உருள்கிறதா, கரைகிறதா என்பது கண்முன்னே தெரிகிறது. இந்தப் பிள்ளைக்குக் கொம்பு தெரியும், கால் தெரியும், ககரமும் தகரமும் மகரமும் தெரியும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலிக்கான குறி என்பது மட்டும் தெரியாது. இடப்பக்கக் கொம்பையும் எழுத்தையும் பார்த்ததுமே வேலை முடிந்தது என்று நினைத்து வலப்பக்கக் காலை விட்டுவிடுகிறது. பதிவேட்டில் இதன் பெயருக்கு எதிரே "மெல்லக் கற்பவர்" என்று எழுதியிருக்கக்கூடும்.

இதற்குப் பிறகு நடக்கும் பேச்சுத்தான் பயிற்றுநரின் திறமை எல்லாம். பிள்ளை தன் இடத்துக்குப் போன பிறகு தொடங்குகிறது.

"டீச்சர், இந்தப் பொண்ணு எங்க தடுமாறுதுன்னு நினைக்கிறீங்க?"

"கொம்பு வந்தாலே தடுமாறுது மேடம்."

"கேணி, தேள் ரெண்டும் சரியா வாசிச்சுதே?"

ஆசிரியர் சிலேட்டைத் திரும்பப் பார்க்கிறார். "ஆமா... கால் சேர்ந்து வர்ற இடத்துலதான் விட்டுடுது."

"அப்ப நாளைக்கு என்ன செய்யலாம்?"

"கொம்பையும் காலையும் ஒரே கலர்ல எழுதிக் காட்டலாம் மேடம். கே, கோ... தே, தோன்னு ஜோடி ஜோடியா வச்சா புடிச்சுக்கும்."

"செய்ங்க. இதே மாதிரி இன்னும் யார் யாருன்னு ஒரு லிஸ்ட் எடுத்து வைங்க. அடுத்த தடவை வர்றப்ப அவங்களை மட்டும் சேர்த்து வச்சு நீங்க நடத்துங்க, நான் பார்க்கிறேன்."

பயிற்றுநருக்கு விடை முதலிலேயே தெரியும். சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கான மருந்தை மட்டும் தெரிந்துகொண்டிருப்பார், அடுத்த பிள்ளையின் நாடி பிடிக்கத் தெரிந்திருக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "குரை" என்று வந்ததே, குறில் நெடில் பிழை, அதைப் பற்றிப் பயிற்றுநர் வாயே திறக்கவில்லை. ஆசிரியர் வகுப்பை உட்காரவைத்த விதம், கரும்பலகைக் கையெழுத்து, சுவரில் கிழிந்து தொங்கும் அட்டை, எதைப் பற்றியும் பேசவில்லை. ஒரு வருகைக்கு ஒரு செய்தி போதும். ஒன்பது குறையை ஒரே மூச்சில் கேட்டவர் ஒன்றையும் திருத்தமாட்டார், அடுத்த வருகைக்கு முன்பே மனசுக்குள் கதவைச் சாத்திக்கொள்வார்.

கூட்டாகச் சொல்லிக்கொடுப்பதில் இந்தப் பிழை ஒருநாளும் அகப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, நாற்பது பிள்ளைகளும் திருப்பிச் சொல்லும்போது "கேழி" என்ற ஒற்றைக் குரல் "கோழி" என்ற பெருங்குரலில் அமுங்கிப்போகும். தனியாக, காதருகே கேட்டால்தான் உண்டு.

பயிற்றுநரைப் பயிற்றுவிப்பது

இவ்வளவும் தெரிந்த ஒருவரை எப்படி உருவாக்குவது? உலகில் இதைத் தீவிரமாக யோசித்தவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் மேரி கிளே. பிள்ளை வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ளும் முறை அவரால்தான் உலகெங்கும் பரவியது. 1970களில் ஆக்லாந்தில் அவர் தொடங்கிய வாசிப்பு மீட்புத் திட்டத்தில் ஆசிரியர்களைப் பழக்கிய விதம் வியக்கத்தக்கது. ஓர் அறை, நடுவில் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி. அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் ஒரு நிஜப் பிள்ளைக்கு நிஜப் பாடம் நடத்துகிறார். இந்தப் பக்கம் மற்ற ஆசிரியர்கள் அதைப் பார்த்தபடி பேசுகிறார்கள்: பிள்ளை இப்போது எதைப் பார்த்தது, ஏன் நின்றது, ஆசிரியர் அடுத்து என்ன செய்வார், நீயாக இருந்தால் என்ன செய்வாய்? பாடம் முடிந்ததும் நடத்தியவரும் வந்து சேர்ந்துகொள்கிறார். அடுத்த முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர்.

இவர்களை வழிநடத்தும் மூத்த ஆசிரியருக்கு ஓர் ஆண்டு முழுப் பயிற்சி உண்டு. அந்த ஆண்டிலும் அதற்குப் பிறகும் அவரே நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பேன். கரண்டி பிடிப்பதை விட்டுப் பத்து ஆண்டு ஆனவர் வந்து பதம் சொன்னால் யார் கேட்பார்கள்? நம் ஆசிரியர் பயிற்றுநர்கள் பலரும் வகுப்பை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆனவர்கள். அது அவர்கள் குற்றமில்லை, பணியமைப்பு அப்படி. வாரம் ஒரு காலை ஒரே பள்ளியில் ஒரே நான்கு பிள்ளைகளுக்கு அவரே வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் அவர் மற்ற பள்ளிகளில் பேசும் பேச்சே மாறிவிடும்.

கிளேயின் கதையில் அடுத்த பாதியையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர்களைப் பழக்கிய விதம் சிறப்பாக இருந்தது. அவர்கள் பழகிய முறையில் பிழை இருந்தது. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், வாக்கியத்தின் போக்கைப் பார், பொருந்தும் சொல்லை ஊகி என்று பிள்ளைக்குச் சொல்லித்தந்தார்கள். எழுத்தைக் கூட்டும் வேலை பின்னுக்குப் போனது. அமெரிக்காவில் இத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் முதல் வகுப்பு முடிவில் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள். அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் அவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிடப் பின்தங்கியிருந்தது தெரிந்தது. பாகில் செய்த தப்பு எண்ணெயில் தெரிந்தது. பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு அன்பாக, எவ்வளவு நுணுக்கமாக நின்றாலும், அவர் வைத்திருக்கும் அளவு தப்பாக இருந்தால் தப்பைத்தான் கச்சிதமாகக் கடத்துவார். அதனால்தான் மாவையும் பாகையும் முதலில் வைத்தேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தது. 2013இல் அங்கே ஒரு வாசிப்புச் சட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கு எழுத்து, ஒலி, சொல், பொருள் என்று வாசிப்பின் அறிவியலை ஆழமாகச் சொல்லித்தரும் நீண்ட பயிற்சி ஒரு பக்கம். மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்புவது இன்னொரு பக்கம். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேலே அனுப்பாமல் நிறுத்தும் கடுமையான விதியும் அதே சட்டத்தில் இருந்தது, அதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டின் கடைசி வரிசையில் இருந்த அந்த ஏழை மாநிலத்தின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 2019 தேசியத் தேர்வில் வாசிப்பில் நாட்டின் சராசரியை எட்டினார்கள்.

ஒரே பாடத்திட்டம், இரண்டு பயிற்சி

பல கூறுகள் சேர்ந்திருக்கும் இடத்தில் எது வேலை செய்தது என்று பிரிப்பது கடினம். அதைப் பிரித்துக் காட்டிய ஆய்வு ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்தது. வடமேற்கு மாகாணம், செட்ஸ்வானா தாய்மொழியாக உள்ள ஏழைப் பிள்ளைகள், 230 பள்ளிகள், 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகள். பிராம் ஃப்ளெய்ஷ், ஸ்டீபன் டெய்லர் முதலியோர் நடத்தியது. 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துச் சில நாட்கள் பயிற்சி தந்தார்கள். வேறு 50 பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள் மாதந்தோறும் வகுப்புக்கே போனார்கள். இரண்டு பக்கமும் ஒரே பாடக்குறிப்பு, ஒரே கதைப் புத்தகங்கள். மற்ற பள்ளிகளில் ஒரு பகுதியில் பெற்றோருடன் தனி முயற்சி நடந்தது, எஞ்சியவை ஒப்பிட்டுப் பார்க்க.

அரங்கப் பயிற்சியாலும் பலன் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பயிற்றுநர் வகுப்புக்கு வந்த பள்ளிகளில் பிள்ளைகளின் முன்னேற்றம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வகுப்புகளுக்குள் போய்ப் பார்த்தபோது காரணமும் பிடிபட்டது. பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் அவரவர் நிலைக்கேற்ற புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் வேலை பயிற்றுநர் வந்த பள்ளிகளில் நன்றாகக் கூடியிருந்தது. மொத்த வகுப்பையும் கோரஸாக வாசிக்க வைப்பது எல்லா ஆசிரியருக்கும் முன்பே கைவந்த வேலை. குழு வாசிப்புத்தான் கடினம். ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற முப்பது பேர் என்ன செய்வார்கள் என்ற பயம் இருக்கிறதே, அந்த இடத்தில் ஆள் துணை தேவைப்பட்டது.

பயிற்றுநரை நேரில் அனுப்புவதற்குப் பதிலாகத் தொலைபேசியும் டேப்லெட்டும் போதாதா? இந்தக் கேள்வியையும் அவர்கள் விடவில்லை. 2017 முதல் மூன்று ஆண்டுகள் ம்புமலாங்கா மாகாணத்தில் ஆங்கிலம் கற்பிப்பதில் இதைச் சோதித்தார்கள். சில பள்ளிகளுக்குப் பயிற்றுநர் நேரில் போனார். சில பள்ளிகளுக்கு டேப்லெட்டில் பாடக்குறிப்பும் காணொளியும், கூடவே தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் பயிற்றுநர். முதல் ஆண்டு முடிவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. மூன்றாம் ஆண்டு முடிவில் நேரில் போன பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சும் வாசிப்பும் உயர்ந்திருந்தன. தொலைபேசிப் பள்ளிகளில் பேச்சு சற்று உயர்ந்தது, வாசிப்பில் பலன் இல்லை, தாய்மொழி வாசிப்பு குறைந்துகூடப் போயிருந்தது. ஓராண்டுத் தேர்வு முடிவை வைத்துத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக நினைப்பவர்கள் இந்த மூன்றாம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

ஆள் இருக்கிறார், நேரம் இல்லை

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் பெரிய சொத்து. ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் ஒரு குறுவள மையமும் அதன் பள்ளிகளும் இருக்கின்றன. பைக்கிலோ ஸ்கூட்டியிலோ போய்ச் சேரும் தொலைவுதான். அவர் கையில் இருக்கும் செல்போனில் வகுப்பறை நோக்கலுக்கான செயலியும் இருக்கிறது. அதில் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை நிரப்ப வகுப்பின் பாதி நேரம் போய்விடும். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றம், விழா, முகாம், திடீரெனக் கேட்கும் புள்ளிவிவரம், வாட்ஸ்ஆப் குழுவுக்கு போட்டோ எல்லாம் அவர் தலையில்தான். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்க நேரம் எங்கிருந்து வரும்?

செயலியால் வரும் இன்னொரு கேட்டையும் நான் சொல்லாமல் விடமாட்டேன். வந்தவர் மதிப்பெண் போடுகிறார் என்று தெரிந்ததும் ஆசிரியர் தனக்கு நன்றாக வரும் பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார், நன்றாக வாசிக்கும் பிள்ளையைத்தான் எழுப்பிவிடுவார். பாகு முற்றிவிட்டதோ என்ற சந்தேகத்தை, குறை கண்டுபிடிக்க வந்தவரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆய்வு செய்ய வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். பயிற்றுநர் எழுதும் குறிப்பு அந்த வகுப்பாசிரியருக்கு மட்டும் என்று துறை ஓர் ஆணை போட்டால் ஒரு ரூபாய் செலவில்லை.

செலவாகிற காரியம் வேறொன்று இருக்கிறது. கருத்தாளர்களாக வந்து அரங்கில் அருமையாக வகுப்பெடுக்கும் சக ஆசிரியர்கள் பயிற்சி முடிந்ததும் தங்கள் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பள்ளி இரண்டு கிலோமீட்டரில் இருக்கும், ஆண்டு முழுக்க ஒருமுறைகூட அங்கே போய் நிற்க வாய்ப்பிருக்காது. அவருக்கு மாதம் இரண்டு நாள் அதற்கென்று ஒதுக்கலாம். ஆனால் நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் வெளியே போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் அடைக்க வேண்டியிருக்கும், அப்படிப் போகச் சொல்வதில் நியாயமில்லை. குறுவள மையத்துக்கு ஒரு மாற்று ஆசிரியரை நியமித்து, கருத்தாளர் வெளியே போகும் நாளில் அவரை அந்த வகுப்பில் நிறுத்த வேண்டும். வாசிப்பு இயக்கத்துக்கு என்று அடுத்த ஆண்டு நிதி ஒதுக்குபவர்கள் புதிய பயிற்சி நூலும் புதிய செயலியும் வாங்கும் முன்பு அந்த மாற்று ஆசிரியரின் சம்பளத்தை முதல் வரியில் எழுதட்டும்.